நடுவில் ஓடியது

மே 4

மதிப்பிற்குரிய கேமராமேன் அவர்களுக்கு,

‘போய்ட்டு வரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வேன் ஏறிவிட்டீர்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முக்காலி ஏறியது, விளக்குப் பெட்டி ஏறியது, சவுண்டுக்காரர் ஏறினார், அவருடைய பிஸ்கட் பையும் ஏறியது. புது டிஸ்க் பெட்டி மட்டும் எடிட்டிங் மேஜைமேல் கிடந்தது. மறதியா வீம்பா என்று கேட்கப் போவதில்லை. நாற்பத்து நான்கு வருஷமாக உங்களைத் தெரியும்.

இதற்குமேல் ‘நீங்கள்’ போட்டு எழுத வரவில்லை. டேய் மொட்டை, ஒழுங்காகக் கேள்.

பெட்டியை, இடிக்கப் போகிற அந்த மின் நிலையத்தின் வேனிலேயே அனுப்பியிருக்கிறேன். வாரம் இரண்டு தடவை இங்கே வந்து போகிறதாம். பெட்டியைக் கேமராவின் பின்னால் மாட்டி, கேபிளைச் செருகு. நீ பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். கேசட் வேண்டாம். மொத்தம் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று நிறைந்ததும் வேனில் கொடுத்துவிடு, நான் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறேன். அதுவரை மற்றதில் எடு.

வெடி வைக்கிற இடம் என்பதால் செல்போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று மின் நிலைய மேனேஜர் சொன்னார். ஆபீஸ் போன் அவர் மேஜையில் இருக்கிறது. அவர் காதுபட நாம் சண்டை போட வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதி டிஸ்க் உறைக்குள் வை.

ஆமாம், கேசட்டைப் போட்டுப் பார்க்கிற டெக் இரண்டையும் உன்னைக் கேட்காமல்தான் விற்றேன். கேட்டிருந்தால் விற்றிருக்க முடியாது. அன்றைக்கு நான் சொன்னதும் அதிகம்தான். ‘வேலையில மனசு இல்லன்னா வீட்ல உக்காரு’ என்று சவுண்டுக்காரர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் போன மூன்று வேலையிலும் ஃபோகஸ் நழுவியிருக்கிறது. நழுவியது நழுவியதுதான்.

முதல் புகைபோக்கிக்கு வெடி வைப்பது பதினேழாம் தேதி. இரண்டாவது ஜூன் பதினான்கு. ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் விழும். ‘இன்னொரு டேக் போகலாம்’ என்று அதனிடம் சொல்ல முடியாது.

சாப்பிடு.

அக்கா

*

மே 9

முதலாளியம்மாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. மாட்டியும் ஆயிற்று. மாட்டினால் கேமரா பின்பக்கம் சாய்கிறது, நான் ஓணான் மாதிரி கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறேன். வேலைக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். உனக்குச் சந்தோஷம்தானே.

இந்த இடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. பழைய கணக்குப் பிரிவு அறையில் இரண்டு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேஜையைத் துடைத்தால் அரை மணியில் மறுபடி தூசி. ஒரு நாளைக்கு மூன்று தடவை சங்கு ஊதிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே ஓடுகிறேன், ஒன்றும் விழுவதில்லை, திரும்பி வருகிறேன். சவுண்டுக்காரர் அசைவதே இல்லை. ‘அது சோதனைங்க’ என்று பிஸ்கட்டைக் கடிக்கிறார்.

உன் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது ஊமை. கேசட் ஓடினால் என் உள்ளங்கையில் தெரியும். பிடிக்குள் சின்னதாக ஒரு உறுமல் வரும். ஓடுகிறதா நிற்கிறதா என்று இருபத்திரண்டு வருஷமாக நான் கண்ணால் பார்த்ததே இல்லை, கை சொல்லிவிடும். உன் பெட்டி ஓடினாலும் அப்படித்தான் இருக்கிறது, நின்றாலும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி வருமாம். இதை வடிவமைத்தவன் தோளில் கேமரா தூக்கியிருக்கவே மாட்டான்.

பயப்படாதே. வீட்டில் மிச்சமிருந்த பன்னிரண்டு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன். கேசட்டும் ஓடுகிறது, உன் பெட்டியும் ஓடுகிறது.

என் வீட்டுக்காரிக்கு ஒரு போன் போட்டு, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். வேறு ஏதாவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

கேமராமேன் அவர்கள்

*

மே 13

டேய்,

டிஸ்க் கிடைத்தது. படம் பளிச்சென்று இருக்கிறது. உன் வாயால் சொல்ல மாட்டாய், நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதென்ன பன்னிரண்டு கேசட்? அவற்றை எதில் போட்டுப் பார்ப்பேன், என் தலையிலா? டெக்தான் இல்லையே! இருந்தாலும், ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்க முழுசாக ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வேண்டும். முன்னால் அதற்கென்று ஒரு ஆள் இருந்தார். இப்போது இந்த அறையில் நான் ஒருத்திதான். காலையில் வந்து உட்கார்ந்தால், கீழே தையல்காரர் கடையை மூடும் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். டெக்கை விற்றது உன்னைப் பழிவாங்க இல்லை. என் இடுப்புக்காக.

இன்னொன்றும் இருக்கிறது. கேசட் கையில் இருக்கிறவரை நீ அந்தப் பெட்டியை நம்ப மாட்டாய். ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைச் சேற்றிலும் வைத்துக்கொண்டு நிற்பாய். பன்னிரண்டும் எனக்கு வந்து சேர வேண்டும். பதினேழாம் தேதி கேமராவுக்குள் ஒரு கேசட்கூட இருக்கக் கூடாது. இது அக்காவாகச் சொல்வதில்லை, முதலாளியம்மாவாகவே சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரியிடம் பேசினேன். ‘அவர் என்கிட்ட ஏதோ மறைக்கிறார்’ என்கிறாள். என்ன மறைக்கிறாய்?

அக்கா

*

மே 17

அக்கா! விழுந்தது!

சண்டையை ஓரமாக வைத்துவிட்டுப் படி. என் வாழ்க்கையில் இப்படி ஒரு ஷாட் எடுத்ததில்லை. காலையிலிருந்து காற்று, ஒத்திவைப்பார்களோ என்று வெடி வைக்கிறவரிடம் போய்ப் போய்க் கேட்டேன். நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துவிட்டது. மூன்றாவது சங்கு ஊதினதும் எண்ண ஆரம்பித்தார்கள். இரண்டு என்னும்போது அழுத்தினேன். அடியில் ஒரு புகை, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு நொடி அது யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் அப்படியே, அவசரமே இல்லாமல், இடது பக்கமாகப் படுத்தது. கடைசியில்தான் சத்தம். நெஞ்சுக்குள் வந்து அடித்தது. முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்த ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே அழுதார். அதையும் எடுத்திருக்கிறேன்.

உன் பேச்சைக் கேட்டேன். பன்னிரண்டு கேசட்டும் இதே உறையில் இருக்கிறது, எண்ணிக்கொள். கேமராவுக்குள் காலிக் குழியைப் பார்க்கவே என்னவோ போல இருந்தது, மூடிவிட்டேன்.

‘ஒருதரம் போட்டுப் பாத்துடலாமா?’ என்று சவுண்டுக்காரர் கேட்டார். எடுத்த இடத்தில் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது? ஒருத்தன் கேசட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் ஓட்ட மறந்துபோய், அமைச்சர் பேச்சின்மேலேயே அவர் மனைவி ஐஸ்கிரீம் சாப்பிடுவதைப் பதிவு பண்ணின கதை உனக்குத் தெரியாததா? அதனால் தொடவில்லை. நீயே முதலில் பார்.

பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. நல்லதாக ஒரே ஒரு வரி.

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

டிஸ்க்கில் புகைபோக்கி விழவில்லை.

நான்கு தடவை பார்த்துவிட்டேன். இருபத்து மூன்று துண்டுகள், மொத்தம் நாற்பத்தேழு நிமிஷம். முதல் துண்டில் உன் செருப்பு, அறுந்த வாரோடு. அப்புறம் தரை, முக்காலியின் கால், சவுண்டுக்காரர் முழங்கை. ஒரு துண்டில் புகைபோக்கி அசையாமல் நிற்கிறது. மூன்று சங்கும் கேட்கிறது. ‘அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு’ என்கிறார்கள். வெட்டு. அடுத்த துண்டில் எல்லாம் தூசி, கேமரா பக்கவாட்டில் தொங்குகிறது, ‘வந்துருச்சு! வந்துருச்சு!’ என்று நீ கத்துகிறாய்.

காலையில் எங்கேயோ பட்டன் ஒரு தடவை கூடுதலாக அழுந்தியிருக்கிறது. அங்கிருந்து எல்லாமே தலைகீழ். நீ ஓட்டுவதாக நினைத்து நிறுத்தியிருக்கிறாய், நிறுத்துவதாக நினைத்து ஓட்டியிருக்கிறாய். கைதட்டி அழுத ஆளும் இல்லை.

அங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டிஸ்க்கில் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் அழியாதுடா.

மேனேஜருக்கு இன்னும் சொல்லவில்லை. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பாதியைப் பார்த்தேன். உன் சந்தோஷத்தைக் கேட்க முடியவில்லை.

அக்கா

*

மே 22

படித்தேன்.

நீ அனுப்பிய கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இடிபாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே அது விழுந்துதான் கிடக்கிறது. என்னிடம் மட்டும்தான் விழவில்லை.

நீ சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே நாள் அது. வாழ்க்கையில் ஒரே நாள்! உள்ளே ஒரு கேசட் இருந்திருந்தால் கை சொல்லியிருக்கும். ‘டேய், ஓடலைடா’ என்று சொல்லியிருக்கும். நீதான் பன்னிரண்டையும் பிடுங்கிக்கொண்டாய், இப்போது செருப்பு வாரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். ‘போட்டுப் பார்த்திருந்தால்’ என்கிறாய். அதை முதல் கடிதத்தில் எழுதினாயா? மாட்டு, செருகு, அழுத்து என்று எழுதினாய். போட்டுப் பார் என்று எழுதினாயா?

சரி விடு. அழுத்தினவன் நான்.

இரண்டாவதுக்கு எதிர் ஸ்டூடியோக்காரனை அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பாஷை பேசுவானே, அவன்தான். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. மேனேஜரிடம் என் பேரைச் சொல்லிவிடு, உன் பேர் கெட வேண்டாம். சாமான்களைக் கட்டி வைத்துவிட்டேன். நீ சொன்னால் அடுத்த வேனில் ஏறிவிடுவேன்.

*

மே 26

தம்பிக்கு,

வேனில் ஏறாதே. இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்.

நேற்று மதியம் சத்தத்தைத் திறந்து, நாற்பத்தேழு நிமிஷத்தையும் கேட்டேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நீ நாள் முழுக்க வாய் மூடவே இல்லை. என் குரலில் பேசிக் காட்டியிருக்கிறாய். ‘கேபிளைச் செருகு, அவ்வளவுதான்’ என்று மூக்கால் பேசினாயே, நான் அப்படியாடா பேசுகிறேன்? தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அதற்காக உன்னை இன்னும் திட்டினேன்.

பதினான்காவது துண்டு. தரையில் ஒரு கல்லும் கேமராவின் நிழலும்தான் தெரிகிறது. சவுண்டுக்காரர் கேட்கிறார்: ‘கண் டாக்டர் மறுபடி வரச் சொன்னாரே, அக்காகிட்ட சொன்னீங்களா?’

நீ சொல்கிறாய்: ‘சொன்னா அவ்ளோதான். உக்கார வெச்சுடுவா. கேமராவுக்கு வலது கண்ணுதான் வேணும், எனக்கு அந்த வலது கண்ணுதான் போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னை எதுக்கு வெச்சுக்கணும்? அந்தப் புள்ளி எரியுதான்னு பாருங்க. எனக்குத் தெரியல.’

‘எங்க இருக்குங்க புள்ளி?’

‘உள்ள ஓரத்துல. சரி விடுங்க, உங்களுக்கும் தெரியாது.’

அப்புறம் நீ இன்னொன்றும் சொல்கிறாய்: ‘அவ பாவங்க. ஒத்தையா இழுத்துக்கிட்டு இருக்கா. நான் எடுக்கறது வெறும் துண்டுத் துணி, அவதான் சட்டையா தைக்கறா. அவகிட்ட போயி கண்ணு தெரியலன்னு எப்படிச் சொல்றது?’

அதை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை கேட்டேன் என்று எழுத மாட்டேன்.

மூன்று வேலையில் ஃபோகஸ் நழுவியதே, அது இதுதானா? நான் அதற்குத்தான் சவுண்டுக்காரர் முன்னால் உன்னை வீட்டில் உட்காரச் சொன்னேனா? உன் வீட்டுக்காரிக்கும் தெரியாதா? ஊர்பேர் தெரியாத கல்லுக்கும் மண்ணுக்கும் சொல்வாய், எனக்குச் சொல்ல மாட்டாயா? எனக்குக் கோபம் வருகிறது மொட்டை, அழுகையும் வருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடக்கிறேன்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தப்பு எங்களுடையது என்றேன், யாருடையது என்று சொல்லவில்லை. ‘ரெண்டாவதும் போச்சுன்னா மொத்த வேலையும் வேற ஆளுக்குப் போயிடும். கேமராமேனை மாத்துங்க’ என்றார். ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன்.

கண்ணுக்கு என்ன? உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா

*

மே 29

அக்கா,

கடிதம் கிடைத்தது. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அடுத்த வேனில் எழுதுகிறேன். சாமான்களைப் பிரித்துவிட்டேன்.

*

ஜூன் 2

அக்கா,

ஜனவரியில் ஆரம்பித்தது. வலது கண்ணின் நடுவில், காப்பி சிந்தின மாதிரி ஒரு கறை. ஒரு பொருளை நேராகப் பார்த்தால் மங்குகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. பெரியதெல்லாம் தெரியும். ஆள் தெரியும், கட்டிடம் தெரியும், புகைபோக்கி நன்றாகவே தெரியும். எழுத்தைப் பார்த்தால் எழுத்து உடையும். அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடினால் தேடுகிற இடத்திலேயே மறையும்.

விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். சில பேருக்குத் தானாகவே வடிந்துவிடுமாம், சில பேருக்கு வடியாதாம். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நான்காவது மாதமும் முடிந்துவிட்டது. போகவில்லை. வடியவில்லை என்று சொல்லிவிட்டால்? போகாதவரை இன்னும் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். முட்டாள்தனம்தான், தெரியும். நீ திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டேன்.

கேசட் இருந்தவரை சமாளித்துவிட்டேன். ஃபோகஸைத் தூரம் அளந்து வைப்பேன், ஓடுகிறதா என்பதைக் கை பார்த்துக்கொள்ளும். நீ டெக்கை விற்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இனி எல்லாமே ஒரு சின்னப் புள்ளியில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் குதி குதித்தேன். உன் பெட்டிமேல் எனக்கு ஒரு பகையும் இல்லை.

ஓடும்போது கேமரா முன்பக்கம் எரிகிற விளக்காவது தெரிந்திருந்தால் சவுண்டுக்காரர் பார்த்துச் சொல்லியிருப்பார். ஆட்கள் அதைப் பார்த்து விறைத்துப்போகிறார்கள் என்று எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். யாரைச் சொல்லி என்ன?

நீ எதிர் ஸ்டூடியோக்காரனையே அனுப்பு. இப்போது கோபத்தில் சொல்லவில்லை. அவன் வந்தால் நான் முக்காலி தூக்குகிறேன், கௌரவம் பார்க்க மாட்டேன். உன் வேலை போகக் கூடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அனுப்புவதாக இருந்தால் சீக்கிரம் அனுப்பு. காத்திருப்பதுதான் முடியவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறேன்.

மொட்டை

*

ஜூன் 7

மொட்டைக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவரை உனக்குத் தெரியும். நம் டெக்கையெல்லாம் பழுது பார்ப்பாரே, அதே ரிப்பேர்காரர்தான். டெக் இரண்டையும் வாங்கினவரும் அவர்தான், அதற்காக அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கேமராவை அவரிடம் கொடு.

எதிர் ஸ்டூடியோக்காரனை அனுப்பவில்லை. பாசத்தால் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுவதற்கு முன்னால் ஓடின துண்டை மறுபடி பார்த்தேன். புகைபோக்கியை நடுவில் வைக்காமல் வலது ஓரமாக ஒதுக்கியிருக்கிறாய். இடது பக்கம் முழுக்க வெறும் வானம். முதலில் இதென்ன கோணல் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது விழுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாய். வெடி வைக்கிறவரிடம் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டு, எத்தனை தூரம் போகும் என்று நடந்து அளந்திருக்கிறாய். இருபதாவது துண்டில் உன் காலடி எண்ணுவது கேட்கிறது. தொண்ணூற்றாறு அடி எடுத்து வைத்தாய். கறை விழுந்த கண்ணோடு இதைச் செய்கிறவனை விட்டுவிட்டு, புள்ளி தெரிகிறவனை நான் எதற்குத் தேட வேண்டும்? உனக்குத் தெரியாதது அந்தப் புள்ளி ஒன்றுதான். அதற்கு வழி பண்ணியாயிற்று.

‘கேமராமேன் மாறமாட்டார்’ என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ‘பொறுப்பு உங்களுது’ என்றார். என்னுடையதுதான், வேறு யாருடையது?

வழி இதுதான். முன்பக்க விளக்குக்குப் போகிற கம்பியை ரிப்பேர்காரர் கழற்றிவிடுவார். நீ டேப் ஒட்டி மூடின விளக்குதானே, யாருக்கு நஷ்டம்? செத்துப்போன என் பழைய செல்போனிலிருந்து, அதை நடுங்க வைக்கிற சின்ன மோட்டாரை எடுத்துவிட்டார். பட்டாணி அளவுதான். அது இப்போது பிடியின் பட்டைக்குள் ஸ்பாஞ்சுக்கு நடுவில் இருக்கிறது, அந்தக் கம்பியில் அவர் கோத்துவிடுவார். பட்டைக்குத் தையல் போட்டது நம் கீழ்க்கடைத் தையல்காரர். டிஸ்க் ஓடினால் மோட்டார் நடுங்கும், நின்றால் நிற்கும். நம் இன்னொரு கேமராவில் மாட்டி நானே கையை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு வண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. படம் ஆடவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். போனைத்தான் உள்ளே விட மாட்டார்கள், மோட்டாரை விடலாம் என்று வெடி வைக்கிறவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். இரண்டையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், நீ கேட்டது நியாயம். ஒன்று, இடது கண்ணால் பார்க்கப் பழகு. கழுத்து வலிக்கும், பழகு. இரண்டு, எடுத்ததும் போட்டுப் பார். அமைச்சர் மனைவியை மறந்துவிடு.

கேசட்டைப் பிடுங்கினேனே, உன் கண்ணைப் பற்றித் தெரியாமல்தான் பிடுங்கினேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அக்கா

*

ஜூன் 14

அக்கா,

கடிதத்தைப் படிக்கும் முன்னால் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு வாரமாக இடது கண்ணைப் பழக்கினேன். கேமரா வலது தோளில், முகம் அதன்மேல் முழுக்கச் சாய்ந்து, மூக்கு நசுங்கி, பார்க்கச் சகிக்காது. சவுண்டுக்காரர் முதல் முறையாகப் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மோட்டாரை நூறு தடவை போட்டு நிறுத்திப் பார்த்திருப்பேன். ரிப்பேர்காரர் கிளம்பும்போது, ‘போதும்ங்க, தேஞ்சுடும்’ என்று கெஞ்சினார்.

இன்று பத்து மணி என்றார்கள். காற்று. பன்னிரண்டு என்றார்கள். மறுபடி காற்று. மேனேஜர் என் பின்னாலேயே நின்றார், அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ‘ஓடுதா?’ என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்! மூன்றரைக்கு மூன்றாவது சங்கு ஊதினது. அழுத்தினேன்.

கை சொன்னது அக்கா. உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டு ‘ஓடுது, ஓடுது, ஓடுது’ என்றது. அவர்கள் இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. ஐந்திலிருந்து ஒன்று வரை அந்த நடுக்கத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அடியில் புகை வந்தது. ஒரு நொடி யோசித்தது. அப்புறம் நான் விட்டு வைத்த வானத்தில் அப்படியே வந்து படுத்தது. தூசி எங்கள்மேல் வந்து மூடும்வரை பட்டனைத் தொடவில்லை. கைதட்டி அழுதாரே, அவர் இன்றைக்கும் வந்திருந்தார். அவர் பக்கம் திருப்பினேன், அப்போதும் உள்ளங்கையில் அந்த வண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நிறுத்தினதும் அங்கேயே, தூசிக்குள்ளேயே, போட்டுப் பார்த்தேன். உன்மேல் சத்தியமாகப் பார்த்தேன். விழுவது மட்டும் பதினொரு நொடி. இடது கண்ணால் முழுசாகத் தெரிந்தது. மேனேஜர் என் தோளில் கை போட்டார், நான் எடுத்துவிடவில்லை.

இனிமேல் நடுவில் நான் பேசுவது எதுவும் உனக்கு வராது. நின்றால் நின்றதுதான், உன் பெட்டி அவ்வளவு சரியாகிவிட்டது. அதனால் கல்லிடமும் சவுண்டுக்காரரிடமும் சொல்வதை இனி உனக்கே எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன்.

பயந்துபோயிருந்தேன் அக்கா. கண் போகும் என்று பாதிப் பயம், நீ ‘சரி, வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாயோ என்று மீதிப் பயம். அந்த மீதி போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வேனில் வருகிறேன். என் வீட்டுக்காரியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லாதே. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண் டாக்டர். ஆபீஸ் போனில், மேனேஜர் காதுபட, நானே பேசி நேரம் வாங்கிவிட்டேன்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. நீயும் வா.

மொட்டை